செவுள் பார்த்து வாங்கிய பல்பு

கேளம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் பதினோரு வருடமாக மாலை நேரத்தில் மீன் விற்கிறவள் வச்சலா. ஊர், மாமல்லபுரம் பக்கத்துக் குப்பம். நேற்றைய மீனை இன்றைய மீன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அந்தப் பேரில்தான் அவள் வியாபாரமே ஓடியது.

ஒரு மாலை, வழக்கமாக வாங்கும் ஜாய்ஸ் சங்கரா மீனைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். "இன்னாக்கா, நேத்து மீனா? செவுளு கறுத்துப் போயிருக்கு."

"காத்தால வலையில வந்ததும்மா!" என்று செவுளைத் திறந்த வச்சலாவுக்கே திக்கென்றது. மங்கின பழுப்பு. கரையில் பார்த்தபோது ரத்தச் சிவப்பாக இருந்ததே! மீனோடு எதிர்த்த டீக்கடைக்கு ஓடினாள். அங்கே எரிந்த குண்டு பல்பின் கீழ் செவுள் சிவந்தது. திரும்பி வந்தாள், பழுப்பு. நாலு நாள் முன்பு தன் கடைக்கு மேலே மாட்டிய புது எல்இடி பல்பை அண்ணாந்து முறைத்தாள்.

மறுநாள் மதியம் இரண்டு சங்கராவோடு திருவேங்கடத்தின் எலக்ட்ரிக்கல் கடைக்குள் நுழைந்தாள். ஒன்று அன்று பிடித்தது, இன்னொன்று முந்தின நாள் மிஞ்சியது.

"யக்கா, கடைக்குள்ள மீனா! எல்லாம் ஒம்போது வாட்டுதான், இன்னா வித்தியாசம்?"

"ஷட்டரப் பாதி எறக்கு. ஒண்ணொண்ணா போடு."

முதல் பல்பில் இரண்டுமே பழுப்பு. இரண்டாவதில் நீலம் பாய்ந்த மாதிரி. மூன்றாவதில் இரண்டும் பளீரென்று சிவந்தன.

"இத்த எடுத்துக்கோ. கறிக்கடைக்காரங்கோ இத்தான் வாங்கிகினு போறாங்கோ."

"பழசும் செவப்பா தெரியுதே. பொய் சொல்ற பல்பு எனக்கு இன்னாத்துக்கு?"

ஆறாவது பல்பில் புதுசு ரத்தமாய்ச் சிவக்க, பழசு பழுப்பாகவே கிடந்தது. "இதான்!" என்று வச்சலா கத்தினாள். திருவேங்கடம் அட்டைப் பெட்டியை முதல்முறையாகப் படித்தார். வெயிலில் தெரிகிற நிறத்தை ஏறக்குறைய அப்படியே காட்டும் என்று போட்டிருந்தது.

அன்று மாலை புது பல்பின் கீழ் இரண்டையும் ஜாய்ஸ் முன்னால் வைத்தாள். "எது நேத்து மீனு? நீயே சொல்லும்மா."

ஜாய்ஸ் சட்டென்று பழசைத் தொட்டாள். பின்னால் நின்றவர்களும் எட்டிப் பார்த்து அதையே காட்டினார்கள். ஏழு மணிக்குள் மீன் வைத்திருந்த அன்னக்கூடை காலி.

அடுத்த வாரம் அந்தத் தெருவில் மீன் விற்கும் மற்ற நான்கு பெண்களும் திருவேங்கடத்தின் கடை வாசலில் நின்றார்கள், ஆளுக்கு ஒரு மீனோடு.