ஆறாத இடத்தைத் தேடிய கிரேஸ் டாக்டர்

சாலைக் கடைத்தெருவில் அரிசி வாங்கிக்கொண்டிருந்தபோது, எங்கள் வார்டு நர்ஸ் மேரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள். "சேச்சி, நம்முடெ கிரேஸ் டாக்டர் போயி" என்றாள் மலையாளத்தில். டாக்டர் இறந்துவிட்டார். அவருக்கு நோய் முற்றியிருந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கடைசியாகப் பார்த்தபோது, யாரெல்லாம் மாத்திரை வாங்க வரவில்லை என்றுதான் டாக்டர் என்னிடம் விசாரித்தார்.

அவர் நரம்பியல் மருத்துவர். நான் அதே ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளர். வங்கதேசப் போரில் தலையில் அடிபட்டு ஊர் திரும்பிய வீரர்கள் வருடங்கள் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று ஆராய விரும்பினார். மூத்த மருத்துவர் ஒருவர், "காயம்தான் ஆறிப்போச்சே, இனி என்ன ஆராய்ச்சி?" என்று கேட்டார். "ஆறினது தோல் சார்" என்றார் டாக்டர். அதற்குமேல் வாதாடவில்லை. நாங்கள் வீடு வீடாகப் போக ஆரம்பித்தோம்.

போனக்காடு தேயிலைத் தோட்டத்துச் சுடலைமுத்துவை, ஆஸ்பத்திரியில் எங்களோடு இருந்த உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். நெற்றியில் குண்டுச் சிதறல் பட்டவர். தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரச் சத்தம் அவருக்குத் தாங்காது. ஒருநாள் மேஸ்திரி மேல் இரும்புக் கம்பியை ஓங்கிவிட்டார். குடிவெறி என்றார்கள், அவர் குடிப்பதே இல்லை. வேலையும், தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகிற நிலை. நாங்கள் போனபோது அவர் மனைவி தங்கம், பிள்ளைகளோடு தன் ஊரான அம்பாசமுத்திரத்துக்குக் கிளம்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"பட்டாளத்துக்குப் போனவரு வேற, வந்தவரு வேற டாக்டரம்மா" என்றாள்.

சுடலைமுத்து தலை நிமிரவில்லை. "கையை ஓங்கினப்புறம்தான் ஓங்கினதே எனக்குத் தெரியுது" என்று அழுதார்.

டாக்டர் தரையில் அவர்களுக்கு நடுவே உட்கார்ந்தார். "மூளையில பட்ட அடி இப்படியெல்லாம் செய்யும். முழுசா மாறிடும்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா இதோட நல்லா வாழலாம்."

பிறகு நேரே தோட்ட மேனேஜரிடம் போனார். சத்தமில்லாத தேயிலை நாற்றங்காலுக்குச் சுடலைமுத்துவை மாற்றச் சொன்னார்.

"அங்கேயும் யார் மேலயாவது கையை ஓங்கினா?"

"என்னைக் கூப்பிடுங்க. வருவேன்."

மேனேஜர் அரைமனதோடு சம்மதித்தார். தங்கம் அன்றைக்குப் பாத்திரங்களை மட்டும் வெளியே எடுத்தாள். துணி மூட்டை கட்டியபடியே இருந்தது. மருந்து தலைவலியைக் குறைத்தது. ஒரு மழைக்காலத்தில் இடிச் சத்தம் கேட்டு அவர் காட்டுக்குள் ஓடிவிட, டாக்டர் சொன்னபடியே மலையேறி வந்தார். அதன்பின் எப்போதோ ஒருமுறை நாங்கள் போனபோது அந்த மூட்டையைக் காணவில்லை.

வீட்டார் புரிந்துகொள்ள, ஏற்ற வேலையும் கிடைத்தவர்கள் மெல்லத் தேறுகிறார்கள் என்று டாக்டர் தன் ஆய்வில் எழுதினார். அன்று கேள்வி கேட்ட மூத்த மருத்துவரே பின்னாளில், ராணுவத்தில் இருந்து வந்த தன் மைத்துனரை டாக்டரிடம் அழைத்து வந்தார். டாக்டர் கேட்டது ஒன்றுதான்: "இவரோட மனைவி வரலையா சார்?"

அடக்கத்துக்குச் சுடலைமுத்துவும் தங்கமும் முதல் பஸ்ஸில் வந்திருந்தார்கள். சுடலைமுத்து என் பெயரை இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் சொன்னேன். "மகளுக்குக் கல்யாணம். டாக்டரம்மாகிட்ட நேர்ல சொல்லணும்னு இருந்தோம்" என்றார். குழியருகே போய் மண் போட்டுவிட்டு, குனிந்து மெதுவாக ஏதோ சொன்னார். கல்யாணச் செய்தியாகத்தான் இருக்கும்.

டாக்டரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, ஒவ்வொரு வீட்டிலும் அவர் முதலில் கேட்ட ஒரு கேள்வி. நேற்று ஒரு பெண், கணவரை "சரியான முரடன்" என்று திட்டிக்கொண்டே என்னிடம் கூட்டி வந்தாள். "எப்போதிலிருந்து இப்படி?" என்று கேட்டேன். அவள் திட்டுவதை நிறுத்திவிட்டு, அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.