வேம்பு காற்றைத் திறக்கவில்லை

குன்னம் பக்கத்தில் கிணற்றை ஆழப்படுத்த வேண்டுமென்றால் காசிநாதனின் கம்ப்ரசர் டிராக்டரைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டது அவனை, நம்பியது அவன் பெண்டாட்டி வேம்புவை. உள்ளே இறங்கி, கம்ப்ரசர் காற்றில் ஓடும் மெஷினால் பாறையில் துளை போடுவது அவன் வேலை. மேலே நின்று குழாய்களைப் பூட்டுவதும் காற்றைத் திறந்து மூடுவதும் அவள் வேலை. பொம்பளைக்கு எதற்கு இது என்று முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டவர்களெல்லாம் போகப் போக அடங்கிவிட்டார்கள்.

காற்றுக் குழாயும் குழாயும் சேருகிற இடத்தில் இரும்புக் கப்ளிங் இருக்கும். முகத்தோடு முகம் வைத்து ஒரு திருகு திருகினால் கவ்விக்கொள்ளும். அவ்வளவுதானே என்று நினைத்தால் போச்சு. காற்று ஓடும்போது அது கழன்றால், குழாய் அறுந்த பல்லி வாலாகத் துடித்து எதிரே நிற்பவன் மண்டையைப் பிளந்துவிடும். வேம்பு தினமும் ரப்பர் வாஷரை விரலால் தடவி வெடிப்புப் பார்ப்பாள். ஒரு பாதி ஒரு கம்பெனி, மறுபாதி வேறு கம்பெனி என்று சேர்க்கவே விடமாட்டாள். கழலாமலிருக்க இரும்புப் பின் மாட்டி, அதற்கு மேல் கம்பியாலும் கட்டி, சோப்புத் தண்ணீர் ஊற்றி நுரை கிளம்பவில்லை என்று கண்டபிறகுதான் அவளுக்கு மூச்சு வரும். பெரம்பலூர் கடைக்காரர் ஒருமுறை, அமுக்கினால் பட்டென்று மாட்டிக்கொள்ளும் பித்தளைச் சாமானை எடுத்து நீட்டினார்.

"இது பஞ்சர் கடைக்குச் சரிங்க. எங்க வூட்டுக்காரரு கெணத்துக்குள்ள இருப்பாரு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இத்தனை கண்ணும் கருத்துமாக இருந்தவள் கோட்டை விட்டது ஒரே இடத்தில். துளை போடும் மெஷினுக்கு இரண்டு வாய். பெரியது காற்றுக்கு, சின்னது தண்ணீருக்கு. தண்ணீர் போனால் தூசி பறக்காது, சேறாகி வழிந்துவிடும். அந்தச் சின்ன வாயை அந்தப் பக்கத்தில் எல்லாரும் போல்ட் போட்டு அடைத்துத்தான் வைத்திருந்தார்கள். காசிநாதனும் அடைத்தான். தண்ணீர் வற்றிய கிணற்றுக்கு வந்து, பாறைக்கு ஊற்றத் தண்ணீர் கேட்டால் எந்தக் குடியானவன் கொடுப்பான்? வேம்புவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சாயங்காலம் அவன் வெள்ளை வெளேரென்று ஏறி வரும்போது, "மாவு மில்லுல வேல பாத்தீங்களா மாமா?" என்று கேலி பேசுவாள். பாவி மகள், அவளுக்கு என்ன தெரியும்.

இப்போது காசிநாதன் கட்டிலில் உட்கார்ந்தபடியே தூங்குகிறான். படுத்தால் இரைக்கிறது. பாறைத் தூசி நெஞ்சில் படிந்து இறுகிவிட்டது, இனிமேல் சரியாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவனுக்குப் பதிலாகக் கிணற்றில் இறங்க வந்தவன் வேம்புவின் தம்பி அறிவரசன், புதிதாகக் கல்யாணமானவன். முதல் வேலை தங்கசாமியின் பருத்திக் காட்டுக் கிணற்றில் கிடைத்தது. வேம்பு போல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, சின்ன வாய்க்குப் பொருந்துகிற கப்ளிங் வாங்கி மாட்டினாள். வீட்டிலிருந்து ஒரு டிரம் தண்ணீரும் ஏற்றிப் போனாள். அது மதியத்துக்குள் தீர்ந்துவிட்டது. அவள் காற்றை மூடினாள்.

"இன்னொரு டிரம் தண்ணி வேணுங்க" என்றாள்.

தங்கசாமி சிரித்தார். "குடிக்கவே வண்டித் தண்ணி வாங்குறோம். பாறைக்கு ஊத்தச் சொல்றியே, நல்லா இருக்கும்மா நாயம்."

"தண்ணி இல்லாம காத்தத் தொறக்க மாட்டேங்க."

"அக்கா, மூக்குல துண்டக் கட்டிக்கிறேன். நீ தொற" என்று உள்ளேயிருந்து அறிவரசன் கத்தினான்.

"ஒங்க மாமாவும் துண்டுதான்டா கட்டுனாரு."

தங்கசாமி போனை எடுத்தார். வெயில் தாழ்வதற்குள் பக்கத்து ஊரிலிருந்து வேறு டிராக்டர் வந்து நின்றது. வேம்பு குழாயில் இருந்த காற்றை முழுக்க வடித்துவிட்டு, கப்ளிங்கைக் கழற்றிச் சுருட்டினாள். ஏறி வாடா என்று தம்பியைக் கூப்பிட்டுப் பார்த்தாள். அவன் வரவில்லை. வந்தவர்கள் இறக்கிய மெஷினை வாங்கிக்கொண்டு துளை போட நின்றுவிட்டான். கொஞ்ச நேரத்தில் கிணற்றிலிருந்து வெள்ளைத் தூசி கிளம்பி மேலே வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் காசிநாதன், "அறிவு எங்க?" என்று கேட்டான்.

நடந்ததெல்லாம் சொன்னாள். சொல்லிவிட்டு, "அன்னைக்கே ஒங்களுக்கும் காத்தத் தொறக்காம நின்னுருக்கணும் மாமா" என்று அழுதாள்.

"நின்னிருந்தா நான் மட்டும் கேட்டிருப்பனா? ஒன்ன ஏசிட்டு, அவன மாதிரியே வேற வண்டிக்குப் போயிருப்பேன்" என்றான் இரைப்புக்கு நடுவே. அவளைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னான்.

"போயிருப்பீங்க. கோவம் தீந்ததும் திரும்பி வந்திருப்பீங்க. உசுரோட இருந்திருப்பீங்களே மாமா" என்றாள் வேம்பு.

சொன்ன பிறகுதான், எதிரே உட்கார்ந்திருக்கிறவனைச் செத்தவனாக்கிப் பேசிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. காசிநாதன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினான்.