செல்லையா அண்ணன் திரும்பிப் பார்க்காத ஷாட்

செல்லையா அண்ணன் போய்விட்டார்... காலையில் டீ ஆறுவதற்குள் ரங்கத் ஊர் முழுக்கச் செய்தி.

அந்தமான் டிரங்க் ரோட்டில் ஆயுசுக்கும் பஸ் ஓட்டியவர். அவர் ஹார்ன் அடித்தால் நடுக்கடலில் கப்பலே ஒதுங்கி வழிவிடும். ரிட்டயர் ஆன பிறகு, அகில அந்தமான் திரையுலகின் தன்னிகரில்லாப் பேய்.

அந்தத் திரையுலகத்தை நிறுவியவன் என் அக்கா மகன் கதிர். கையில் ஒரு கேமரா, மூன்று குறும்படம். மூன்றிலும் பேய் இவர்தான். முதலைகளே கரையேறி வந்து ஷூட்டிங் பார்த்ததாக வரலாறு.

ஒரே குறை... பேய் காட்டுக்குள் போய் மறையும் கடைசி ஷாட்டில் அண்ணன் திரும்பிப் பார்த்துவிடுவார். எத்தனை டேக் போனாலும்.

காட்டு வழியில் வண்டிகள் கான்வாயாக, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக வேண்டும். பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துப் பார்த்தே பழகிய கழுத்து.

"பெரியப்பா, திரும்பாம போங்களேன். பேய் எதுக்குப் பாக்கணும்?" என்று கெஞ்சுவான் கதிர்.

"அரே பேட்டா, பின்னால பாக்காம போறது பொணம் மட்டும்தான். நான் ஆக்டர்."

இந்த முறை விளையாட்டில்லை. கதிரின் முதல் பெரிய படம். அந்த ஒரு ஷாட் சரியாக வந்தால்தான் பணம் போடுவேன் என்று மெயின்லேண்ட் ப்ரொட்யூசர் சொல்லியிருந்தார்.

போன ஞாயிறு, பொழுது சாயும் நேரம். அலையாத்திக் காடு. ஆக்‌ஷன்.

நடந்தார்... நடந்தார்... திரும்பவே இல்லை. கதிர் கட் சொன்ன பிறகும்.

ஓடிப்போய்ப் பார்த்தோம். ஓடைக்கரைச் சேற்றில் சும்மா நின்றிருந்தார்.

"என்னண்ணே, கழுத்து சுளுக்கா?" என்றேன்.

"நஹி ரே. பின்னால வண்டிச் சத்தம் நல்லாவே கேட்டுச்சு. வருதுன்னு தெரிஞ்சப்புறம் எதுக்குத் திரும்பணும்?"

அந்தப் பக்கம் ரோடே கிடையாது.

நேற்று ப்ரொட்யூசர் ஓகே சொல்லிவிட்டார். இன்று விடிந்ததுமே, சேதி தெரியாமல், அண்ணனிடம் சொல்லக் கதிர் ஸ்வீட் பாக்கெட்டோடு போனான்... வாசல் நிறையச் செருப்புகள்.

சாயங்காலம் கொள்ளி வைத்த பிறகு, யாரும் பின்னால் பார்க்காமல் போக வேண்டும் என்றார்கள் பெரியவர்கள். எல்லோரும் நேராக நடந்தோம். கதிர் மட்டும் நின்று திரும்பினான்.

"டேய், கூடாதுடா."

"அவருக்காக ஒருத்தராச்சும் பாக்கணும்ல மாமா."

என்ன பார்த்தான் என்று நான் கேட்கவில்லை. அந்த நேரம் எனக்கும் பின்னால் ஏதோ வண்டிச் சத்தம்...

போங்கண்ணே. பின்னால பாக்க வேணாம்.

நாங்க மெதுவா வர்றோம்.