எத்திராஜ் நின்றாரா, நிறுத்தினார்களா?

லிங்கராஜபுரத்துப் பவுலினுக்குப் பணிந்து போகத் தெரியாது. 1998இல் ஹெப்பகோடியில் நாங்கள் வேலை பார்த்த வால்வு கம்பெனியில் ஜெர்மன் கடிதங்களை அவள்தான் எழுதினாள். மாலை வகுப்பில் நான்கு வருடம் படித்த ஜெர்மன். இரண்டு பஸ் மாறி வந்து எனக்கு அடுத்த மேஜையில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே இலக்கணம் சொல்வாள். எனக்கு எரிச்சலாக வரும்.

அந்த வருடம் பிரஸ் மெஷினில் கை மாட்டாமல் தடுக்கும் தகடு கழன்று போயிருந்தது. அதை மாட்டாமல் ஓட்ட மாட்டேன் என்றார் அந்த மெஷினில் வேலை பார்த்த எத்திராஜ். மறுநாள் கேட்டிலேயே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விஷயம் எப்படியோ ஜெர்மனித் தலைமை அலுவலகத்துக்கு எட்டி, அந்த ஆள் என்ன ஆனார் என்று ஃபேக்ஸ் வந்தது. கம்பெனி நீக்கியதாகச் சொன்னால் விசாரிப்பார்கள், திரும்ப எடுக்கவும் சொல்வார்கள். அவரே போனதாகச் சொன்னால் எத்திராஜின் கதை அதோடு முடிந்தது.

"அவரே ரிசைன் பண்ணிட்டார்னு எழுதும்மா" என்றார் மேனேஜர் வெங்கடகிருஷ்ணன்.

பவுலின் அடித்துக் கொடுத்தாள்: 'ஈம் வுர்டெ கெக்யூண்டிக்ட்.' மேனேஜர் அகராதியைப் புரட்டினார். 'க்யூண்டிகன்' என்ற வினைக்கு நேராக, ராஜினாமா செய்வது என்று போட்டிருந்தது. திருப்தியாகப் பேனாவைத் திறந்தார். இவள் சும்மா இருந்திருக்கலாம். நானாக இருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

"சார், அதுக்கு ரெண்டு அர்த்தம். 'ஏர் ஹாட் கெக்யூண்டிக்ட்'னா அவரே நின்னுட்டார். 'ஈம் வுர்டெ'ன்னு ஆரம்பிச்சா அவரை நிறுத்திட்டாங்க. நான் அடிச்சிருக்கிறது ரெண்டாவது. தெரிஞ்சே கையெழுத்துப் போடுங்க."

"சும்னே, வெட்டியா தகராறு பண்ணாதே. மொதலாவதா மாத்து."

"நடந்தது ரெண்டாவது. மாத்த மாட்டேன்."

"அப்ப நீயும் ரிசைன் பண்ணிடு."

பவுலின் நாற்காலியை இழுத்து அவர் எதிரிலேயே உட்கார்ந்தாள்.

"நானா நிக்க மாட்டேன் சார். வேணும்னா நீங்க நிறுத்துங்க. அதை ஜெர்மனிக்குச் சொல்ற லெட்டரையும் நான்தான் அடிக்கணும். என்னை நிறுத்திட்டாங்கன்னுதான் அடிப்பேன்."

அந்த ஆபீசில் வேறு யாருக்கும் ஜெர்மன் தெரியாது. வெங்கடகிருஷ்ணன், பேனா முனை காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி கையெழுத்துப் போட்டார்.

பவுலின் எழுந்திருக்கவில்லை.

"தேதியும் போடுங்க சார்" என்றாள்.