மறுபடியும் என்னை நிற்க வைத்தார்

பிரியமானவர்களே, கட்டிலிலிருந்து எழும்பி நிற்கவே பயந்து கிடந்தவள் நான். ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் பெயர் எஸ்தர். கணவர் சாமுவேல் கொல்கத்தா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெஹாலாவில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். பிள்ளைகள் வெளியூரில்.

1997 மழைக்காலத்தில் முதல்முறை விழுந்தேன். முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டு எழும்பினேன். கண் இருண்டது. பிறகு மாடிப்படியில் விழுந்தேன். அதற்கும் பிறகு குளியலறையில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டவர், "வயசானா அப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார்.

கை கூடிவிட்டது. பயம் போகவில்லை. குளியலறைக்குக்கூட என் கணவர்தான் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். அவருக்கோ இருதயம் பலவீனம். ஆலயம் போவது நின்றது. படுத்தே கிடந்ததில் கால்கள் இன்னும் சோர்ந்தன. இது சாபமோ என்று அழுதேன்.

ஒருநாள் காலையில் மனம் உடைந்து ஜெபித்தேன். "ஆண்டவரே, என்னை நிற்க வையும். இல்லையென்றால் எடுத்துக்கொள்ளும்."

அன்று சாயங்காலமே எதிர்வீட்டு மாலா பௌதி வந்தார். அண்ணியை இங்கே பௌதி என்பார்கள். முதியவர்களைப் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவைப் பற்றிச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன்.

"ஏ எஸ்தர், காலையில ஜெபிச்சது நீதான? வந்த பதிலைத் திருப்பி அனுப்பப் போறியா?" என்றார் என் கணவர். டாக்ஸி பிடித்துப் போனோம்.

அந்த டாக்டரம்மா என்னைப் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு நிற்க வைத்துப் பார்த்தார். நின்றதும் மளமளவென்று இறங்கியது. கண்ணில் புரை. சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைவு. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழும்ப முடியவில்லை.

"மாஷிமா, வயசாக ஆக இதெல்லாம் வரும். கண், பாதம், தொடைப் பலம் எல்லாம் சேர்ந்துதான் நம்மள விழாம நிறுத்துது. உங்களுக்கு எல்லாமே ஒரே நேரத்துல தளர்ந்திருக்கு. ஆனா ஒவ்வொண்ணுக்கும் வழி இருக்கு" என்று, பெரியம்மாவைக் கூப்பிடுவதுபோல் மாஷிமா என்றழைத்து வங்க மொழியில் சொன்னார்.

வழி இருக்கு! சாபமில்லை. அங்கேயே அழுதுவிட்டேன்.

நான் சாப்பிட்டுவந்த பிரஷர் மாத்திரைகளை டாக்டரம்மா மாற்றிக் கொடுத்தார். புரை அறுவை நடந்தது. படிகளின் விளிம்பு ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரிந்தது. குளியலறைச் சுவரில் இவர் கம்பி பொருத்தினார். எழும்புமுன் கட்டில் ஓரத்தில் சற்று உட்காரப் பழகினேன். அவர் சொல்லிக்கொடுத்தபடி தினமும் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு, பாட்டுப் பாடியபடி ஒற்றைக்காலில் நின்றேன். தொடை நடுங்கும். விடவில்லை. கிறிஸ்மஸ் ஆராதனைக்கு என் காலால் நடந்து போனேன்.

அடுத்த வருஷம் துர்கா பூஜைக்கு முந்தின வாரம், மத்தியான நேரம். இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். உடம்பெல்லாம் வியர்வை. மழையில் போன் செத்துக் கிடந்தது. பௌதி வீடு பூட்டியிருந்தது. கரண்டும் இல்லை.

"இயேசப்பா, கூட வாரும்" என்று கைப்பிடியைப் பற்றி இறங்கினேன். இருட்டுப் படி. கால் தடுமாறவில்லை. கண் இருளவில்லை. வாசலில் பூஜைப் பந்தல் கட்டிக்கொண்டிருந்த எங்கள் தெரு கிளப் பையன்களைக் கூப்பிட்டேன். அவர்கள் ஓடிவந்து இவரை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில், "சரியான நேரத்துல கொண்டு வந்துட்டீங்க" என்றார்கள். என்னைத் தூக்கிவிடத்தான் கேட்டேன். என் கணவர் உயிரையும் சேர்த்துக் கொடுத்தார் என் ஆண்டவர்!

இப்போது சாயங்காலம் இருவரும் நடக்கப் போகிறோம். "மெதுவா போ எஸ்தர், என்னால கூட வர முடியல" என்கிறார் இவர்.

விழுந்து, பயந்து படுத்திருக்கிறீர்களா? வயசு என்று விட்டுவிடாதீர்கள். அவரிடம் கேளுங்கள். அவர் யாரை அனுப்பினாலும் கதவைத் திறங்கள். பிறகு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பி நில்லுங்கள்.