உள்ளங்கை அரிப்பு

டிப்போவில் அவனுக்கு 'ஹாரன்' என்றுதான் பெயர். ரோட்டில் ஒற்றைக் காக்கை நின்றாலும் விடாமல் அடிக்கிற பஸ் டிரைவர். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து மனைவி உண்டானபோது, நிறுத்தியிருந்த பஸ்ஸில் ஏறியே அடித்துத் தீர்த்தான்.

எட்டாம் மாதத்தில் அவளுக்கு உள்ளங்கை அரிக்க ஆரம்பித்தது.

"உள்ளங்கை அரிச்சா பணம் வரும்டி."

"உள்ளங்காலும்தான் அரிக்குது. நடந்தே வருது போல."

இருவரும் சிரித்தார்கள். பணம் வரவில்லை, அவளுக்குத் தூக்கம்தான் போனது. "பித்தம்டா. எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடு, ஓடிடும்" என்றாள் அவன் அம்மா. பிழிந்து பிழிந்து கொடுத்தான். தன் சீப்பாலேயே அவள் பாதத்தைச் சொறிந்துவிட்டான். சீப்பு கீறிய கோடுகளைத் தவிர அவள் தோலில் ஒரு தடிப்புகூட இல்லை.

டாக்டரம்மா ரத்தம் எடுக்கச் சொன்னார். "பித்த அமிலம் எவ்வளவுன்னு பாக்கணும்."

"எங்கம்மா அப்பவே பித்தம்னாங்க!" என்றான் பெருமையாக.

"அவங்க சொல்ற பித்தம் வேற. இது, ஈரல்லேர்ந்து குடலுக்குப் போகவேண்டிய பித்தநீர் ரத்தத்துல தங்கிடுது. அதான் அரிப்பு. ரொம்ப ஏறினா வயித்துல இருக்கிற பிள்ளைக்கு ஆபத்து."

அவன் சிரிப்பு உதட்டிலேயே காய்ந்தது.

ரத்தம் வெளியூர் லேபுக்குப் போய் முடிவு வந்தபோது, அளவு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

"நாளைக்குக் காலைல அட்மிட் ஆயிடுங்க. சீக்கிரமே பிரசவம் பாத்துடலாம். அதுவரைக்கும் குழந்தை அசையுதான்னு கவனிங்க. குறைஞ்சா உடனே வரணும்."

"நான் என்ன செய்யணும் டாக்டர்?"

"நீங்க செய்ய ஒண்ணுமில்லப்பா."

லீவு கிடைக்கவில்லை. தான் ஓட்டுகிற பஸ்ஸிலேயே அவளை வீட்டுக்கு அழைத்துப்போனான். முன்சீட்டில் உட்கார வைத்து ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அவன் திரும்பிப் பார்ப்பான், குழந்தை அசைந்திருந்தால் அவள் தலையாட்டுவாள்.

ஆட்டினாள். அடுத்த ஸ்டாப்பிலும் ஆட்டினாள். மார்க்கெட் ஸ்டாப்பில் அவள் நிமிரவில்லை. இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக் குனிந்திருந்தாள்.

"என்னம்மா?"

"இருங்க."

கண்டக்டர் விசில் கொடுத்தார். "அண்ணே, தூங்கிட்டியா?" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரனாக அடித்துத் தள்ளின.

ஹாரன் தன் ஹாரனைத் தொடவில்லை. ஆஸ்பத்திரிக்குத் திருப்புவதா, வீட்டுக்கு விடுவதா என்று தெரியாமல் கியரைப் பிடித்தபடி அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.