சுவரில் வைத்த உள்ளங்கை

கிரில் அண்ணனுக்குத் தன் காதைப் பற்றி ரொம்பப் பெருமை. அந்தத் தெருவில் முக்கால்வாசி வீடுகளின் ஜன்னல் கிரில் அவர் கையால் ஆனது, அதனால் பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. வெல்டிங் வைத்த இடத்தில் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு தட்டுவார். தலையைச் சாய்த்துக் கேட்பார். "உள்ள பொத்தல் விழுந்திருக்கு" என்பார். அரைத்துப் பார்த்தால் அங்கே பொத்தல் இருக்கும். "எனக்குக் கண்ணு எதுக்குங்க, காதே போதும்" என்று சொல்லாமல் எந்த வாடிக்கையாளரையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை.

பட்டறை வீட்டோடு சேர்ந்தது. பக்கவாட்டில் தகரக் கூரை போட்டு, வெல்டிங் மெஷினையும் மேசையையும் வைத்தபோது, எந்தச் சுவரை ஒட்டி வைப்பது என்று அவர் மண்டையை உடைத்துக்கொண்டார். சமையலறைப் பக்கம் வைத்தால் மனைவி சும்மா விடமாட்டாள். கடைசியில் தங்கையின் அறைச் சுவர் என்று முடிவானது. தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. "அவளுக்கென்ன, சத்தமா கேக்கப்போகுது" என்றார். வீட்டில் எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. தங்கையை மட்டும் யாரும் கேட்கவில்லை.

அவர் வெல்டிங் வைத்து முடித்ததற்குப் பிரைமரும் பெயிண்டும் அடிப்பது அவள்தான். அண்ணனும் தங்கையும் சின்ன வயதிலிருந்து தங்களுக்குள் வைத்துக்கொண்ட சைகையிலேயே சண்டை போடுவார்கள், பேரம் பேசுவார்கள், வாடிக்கையாளரை அவர் முகத்துக்கு நேராகவே கிண்டல் செய்வார்கள்.

வெல்டிங் வைத்தால் மேலே கறுப்பாக ஓடு மாதிரி கசடு படியும். அதைச் சுத்தியலால் தட்டித் தட்டித்தான் உரிக்க வேண்டும். இத்தனை வருடம் தட்டியதில் அண்ணனின் வலது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. வெளியே மூச்சு விடவில்லை. சட்டைக்குப் பட்டன் போட வரவில்லை என்று பனியனுக்கு மாறினார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தார்.

"என்னங்க, டீய இப்படி ஏந்தி வாங்குறீங்க, நான் என்ன தானமா குடுக்குறேன்?" என்று மனைவி கிண்டல் செய்தபோதுகூடச் சிரித்து மழுப்பிவிட்டார்.

ஒருநாள் தங்கை தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வலி தாங்காத மாதிரி முகத்தைச் சுளித்தாள். அண்ணன் பதறிப்போய் அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் "எங்க வலிக்குது?" என்று கேட்டதும், அவள் அண்ணனின் வலது கையை இழுத்து மேசைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

டாக்டர் விரல்களை ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்துவிட்டு, "சுத்திய ஓங்குறத இன்னையோட விட்டுடுங்க" என்றார். "இல்லன்னா வெல்டிங் ராடப் புடிக்கக்கூட இந்தக் கை உதவாது. மெஷின் வாங்குறதா இருந்தாலும் பாத்து வாங்குங்க. அதிர்வு கைக்கு ஏறுச்சுன்னா அது சுத்தியலவிட மோசம்."

கிரில் அண்ணனுக்குத் தூக்கம் போயிற்று. வேறு தொழில் தெரியாத மனுஷன். வலது கையில் மிஞ்சியிருக்கும் பலத்தையாவது காப்பாற்றுகிற ஏர் ஹேமர் ஒன்று வேண்டும். உளியை மாட்டி விசையை அழுத்தினால் காற்றே அடித்துக் கசடை உரித்துவிடும், கையை ஓங்க வேண்டியதில்லை. ஆனால் உசத்தியான சாமானெல்லாம் அவர் கைக்கு எட்டாது. வீட்டில் இருப்பதோ சைக்கிள் கடையில் காற்றடிக்க வைத்திருப்பது மாதிரி ஒரு சின்ன கம்ப்ரசர்.

டூல்ஸ் கடைக்காரர் மலிவான ரகத்தில் மூன்றை எடுத்து வைத்தார். அண்ணன் ஒவ்வொன்றையும் ஓட்டச் சொல்லி, தலையைச் சாய்த்து, வழக்கம்போலக் காதால் பார்த்தார். நீளமாகப் பளபளவென்று இருந்தது கடையே கிடுகிடுக்கிற மாதிரி உறுமியது. இன்னொன்று சுமாராகக் கத்தியது. மூன்றாவது குட்டையாக, பிடியில் ரப்பர் சுற்றி, பார்க்கவே பரிதாபமாக இருந்தது. சத்தமும் இருமல் பிடித்தவன் முனகுவது போல.

"இந்த நீளமானதுதான் ஆம்பளச் சத்தம் போடுது" என்றார் அண்ணன்.

"எடுத்துட்டுப் போயி ஓட்டிப் பாருங்கண்ணே. சரிவரலன்னா நாளைக்கே கொண்டாந்துடுங்க" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்து, கசடு படிந்த ஒரு தகட்டை மேசையில் இருந்த வைஸ் இடுக்கியில் இறுக்கி, விசையை அழுத்தினார். ஹேமர் உறுமியது. சின்ன கம்ப்ரசர் அதற்குக் காற்று கொடுத்து மாளாமல் மூச்சு வாங்கியது. அண்ணனின் முகத்தில் ஒரே பூரிப்பு. விரல்களில் ஒன்றும் தெரியவில்லை. தெரியாததை அவர் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்.

அடுத்த நொடி அறையிலிருந்து தங்கை ஓடி வந்தாள். தகட்டின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு அதே கையை அவர் முழங்கைக்குக் கீழே வைத்தாள். முகம் மாறியது. நேராகப் போய்க் காற்றுக் குழாயைப் பிடுங்கிவிட்டாள்.

தகட்டைக் காட்டிச் சுண்டுவிரலை நீட்டினாள், கொஞ்சம் என்று. அவர் கையைக் காட்டி இரண்டு கைகளையும் அகல விரித்தாள். இது இரும்பை அடிக்கவில்லை, உன்னைத்தான் அடிக்கிறது என்றாள் சைகையில்.

"நல்லா இருக்குதே கூத்து" என்றாள் மனைவி, வாசலில் நின்றபடி. "காது கேக்குறவரு சத்தத்தப் பாத்து வாங்கிட்டு வந்துட்டாரு."

அண்ணனுக்குச் சுருக்கென்றது. விரல்களைப் பார்த்துக்கொண்டார். இப்போதுதான் உறைத்தது. உணர்ச்சி செத்த கைக்கு அதிர்வு எப்படித் தெரியும்? காது சொன்னதை நம்பி, மிச்சக் கையையும் கசாப்புக்குக் கொடுக்கப் பார்த்தாரே.

மறுநாள் தங்கையைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார், ஆனால் தடுக்கவில்லை. பின்பக்கம் ஒரு பழைய தகட்டை இறுக்கிக் கொடுத்தார். தங்கை கடைக் கம்ப்ரசரில் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்து, வீட்டுக் கம்ப்ரசரில் முள் நிற்கும் அளவுக்குக் காற்றைக் குறைக்கச் சைகை காட்டினாள். அண்ணன் ஒவ்வொன்றாக ஓட்டினார். அவள் ஒரு கையைத் தகட்டிலும் ஒரு கையை அவர் முழங்கையிலும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். முனகல் ஹேமர் ஓடியபோது அவள் புருவம் உயர்ந்தது. இன்னொரு முறை என்று விரலைக் காட்டினாள். மறுபடி ஓடியது. கண்ணைத் திறந்து, தகட்டுக்குக் கைகளை விரித்தாள், அவர் கைக்குச் சுண்டுவிரலை நீட்டினாள்.

கடைக்காரருக்கும் ஆசை வந்துவிட்டது. தானும் கையை வைத்துப் பார்த்தார். "எனக்கு மூணும் ஒரே மாதிரிதான் ஆடுது" என்றார். "தங்கச்சிக்கு எப்படித் தெரியுது?"

அண்ணன் அவள் கையையே பார்த்தபடி நின்றார்.

முனகல் ஹேமர் வீட்டுக்கு வந்தது. கனமான கையுறையை மாட்டிக்கொண்டு அன்றைக்கே ஒரு கிரிலை எடுத்தார். கசடு பொருக்கு பொருக்காக உதிர்ந்தது. கம்ப்ரசரும் அலட்டிக்கொள்ளாமல் ஓடியது. சுத்தியலால் தட்டினால் சின்னத் தகட்டுக்கே வலிக்கும் தோள்பட்டை, கிரில் முழுக்க முடித்தும் வலிக்கவில்லை. ஹேமரை வைத்துவிட்டு, இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய் என்று தங்கையைக் கேட்டார்.

அவள் அவரைத் தன் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். கட்டில் பட்டறைச் சுவரை ஒட்டிக் கிடந்தது. தலைமாட்டுக்கு மேலே சுண்ணாம்பில் ஓர் இடம் மட்டும் மழமழவென்று கறுத்திருந்தது. அவள் அதன்மேல் உள்ளங்கையை வைத்தபோது அளவு சரியாகப் பொருந்தியது. இத்தனை வருடமும் அந்த அறைக்கு வந்துபோனவர், அந்தக் கறையைப் பார்த்ததில்லை.

பிறகு அவள் விரல்களை மடக்கி, கை முட்டியால் சுவரில் தட்டினாள். டொக், டொக். சற்று நிறுத்தி, டொக், டொக். அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டார். அது அவருடைய தட்டுதான். இரண்டே அடியில் கசடு உரிந்த காலத்துத் தட்டு. அவளுக்கு அது சத்தமாகவே எட்டாது, ஆனாலும் நூல் பிசகாமல் அதே கனம், அதே இடைவெளி.

அவள் நிறுத்தவில்லை. தட்டு மெலிந்தது. இரண்டு மூன்றானது, ஐந்தானது. நடுவே ஓர் அடி தடுமாறி வழுக்கியது. ஒரு நீண்ட இடைவெளி. அது அவர் வலது கையை உதறிக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்த நேரம். மறுபடி ஓர் அடி, பலமே இல்லாமல்.

காதைப் பற்றி ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட மனுஷன், தன் கை செத்துக்கொண்டு வந்ததை முதல்முறையாகக் காதால் கேட்டார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, அவர் அதை மறைக்கவும் இல்லை.

இந்தச் சுவரில் பட்டறையை வைத்து உன்னை இத்தனை வருடம் படுத்திவிட்டேனே என்று சைகையில் கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். சுவரைத் தொட்டாள், கன்னத்தில் கை வைத்துத் தூங்குவது போலக் காட்டினாள். சுவர் அசைந்தால் நிம்மதியாகத் தூங்குவேன், அசையாவிட்டால் எழுந்து வந்து, நீ இருக்கிறாயா என்று ஜன்னல் வழியாகப் பார்ப்பேன் என்றாள்.

மறுநாள் காலையில் பட்டறையைத் திறந்ததும் அவர் கம்ப்ரசரைப் போடவில்லை. முதலில் சுவரருகே போய், மரத்துப்போன அந்த வலது கை முட்டியால் இரண்டு தட்டு தட்டினார். பிறகு உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். விரல்களுக்கு ஒன்றும் எட்டவில்லை. கையை மாற்றி இடது உள்ளங்கையை வைத்தார். அந்தப் பக்கமிருந்து அவள் தட்டுவது தெரிந்தது.